ஒட்டவைத்த மாப்பிள்ளை

"கல்யாண போட்டோவைக் காட்டுன்னா சினிமா போஸ்டரைக் காட்டறியே தம்பி!" என்றார் ஏசி மெக்கானிக்.

டச்சப்காரருக்குச் சுருக்கென்றது. "இதுதாண்ணே என் கல்யாண போட்டோ."

"உன் பொண்டாட்டிக்கு இவ்வளவு பெரிய கண்ணா?"

"போட்டோ எடுக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிட்டா. வேற போட்டோலேர்ந்து கண்ணை எடுத்து இதுல வச்சேன்."

"மூக்கு?"

"மூக்கு அவளுதுதாண்ணே."

மெக்கானிக் படத்தைத் தூரமாகவும் கிட்டவும் வைத்துப் பார்த்தார். "பின்னாடி ஒரு மனுஷன் கூட இல்லையே. யாரையும் கூப்பிடாம கல்யாணம் பண்ணினியா?"

"ஒருத்தர் கொட்டாவி விட்டுட்டிருந்தார். அவரை எடுத்தேன். பக்கத்துல இருந்தவர் தனியா நின்னார். அவரையும் எடுத்தேன். அப்படியே ஒவ்வொருத்தரா…"

டச்சப்காரர் வெளிநாட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறார். வருகிற படங்களில் பருவை அழிப்பது, தொப்பையைக் குறைப்பது, வழுக்கையில் அடிக்கும் வெளிச்சத்தை மட்டுப்படுத்துவது அவர் தொழில். "அப்பா போய்ச் சேர்ந்துட்டார், ஆனா இந்தப் படத்துல அவர் நிக்கணும்" என்று ஒருவர் வருவார். "மருமகன் நல்லாத்தான் இருக்கார், ஆனா இந்தப் படத்துல அவர் நிக்கக் கூடாது" என்று அடுத்தவர் வருவார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்துகொடுப்பார். அந்தக் கை சும்மா இருக்காமல் சொந்தக் கல்யாணப் படத்திலும் புகுந்து விளையாடியதுதான் இப்போது வினையாக முடிந்திருந்தது.

விஷயம் இதுதான். மனைவியைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ள அவர் குடியேற்ற அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். கணவனும் மனைவியும் நிஜமாகவே கணவனும் மனைவியும்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்கள் வேண்டுமாம், அதுவும் பல இடங்களில், பல சமயங்களில், சொந்தக்காரர்களோடு.

எங்கே போவார் மனுஷன்? கல்யாணம் முடிந்த கையோடு விமானம் ஏறியவர். நடுவில் ஒரே ஒரு முறை லீவில் போய் வந்ததோடு சரி. யோசித்துப் பார்த்தால் மனைவியோடு இருந்ததைவிட இந்த ஏசி மெக்கானிக்கோடு ஒரே அறையில் கிடந்ததுதான் அதிகம். யாருடைய குறட்டை எப்படி இருக்கும் என்று அதிகாரிகள் கேட்டால் மெக்கானிக்கைத்தான் மனைவி என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

"பேசாம ஒரு வக்கீலை வச்சுடட்டுமாண்ணே?"

"வக்கீலா!" மெக்கானிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "அந்த ஃபீஸுக்கு நீ ஒரு தடவை ஊருக்கே போயி உன் பொண்டாட்டியைப் பார்த்துட்டு வந்துடலாம்."

அதுதான் டச்சப்காரரையும் அரித்துக்கொண்டிருந்தது. கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் வரும். வக்கீலுக்குக் கொடுத்துக் காரியம் கெட்டுப்போனால் அவளும் வர மாட்டாள், இவரும் இப்போதைக்குப் போக முடியாது.

"நான் ரெண்டு தடவை வக்கீல் இல்லாமலே விண்ணப்பம் போட்டேன். எல்லாம் நானே," என்றார் மெக்கானிக் பெருமையாக.

"அப்புறம் அண்ணி ஏன் இன்னும் வரல?"

"ரெண்டு தடவையும் தள்ளுபடி. ஆனா ஏன் தள்ளுபடி பண்ணினாங்கன்னு எனக்கு அத்துப்படி. வக்கீல் வச்சவனுக்கு அது தெரியுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் டச்சப்காரர் தானே விண்ணப்பம் போடுவதென்று முடிவு செய்தார்.

படங்களுக்கா பஞ்சம்? ஒரு மூட்டை இருந்தது. அவற்றில் அவர் நிஜமாக இல்லை என்பதுதான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவருக்கு ஆகாது. மெக்கானிக் வெளிவேலைக்குப் போய்விடுவார். துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டால் அப்புறம் அந்த அறையில் பேசுவதற்குச் சுவர்தான் உண்டு. அன்றைக்கென்று பார்த்துக் குடும்பக் குழுவில் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, படமாகப் போட்டுத் தள்ளுவான். ஊரில் எல்லா விசேஷத்துக்கும் படம் எடுப்பது அவன்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். டச்சப்காரர் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்ப்பார். சாப்பிட்டாயா என்று யாரும் இவரைக் கேட்காத நாளில் அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல், மச்சினன் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தில் தன்னையும் நுழைத்தார். மனைவியை இரண்டு அத்தைமார்கள் இருபக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லாமல் ஓர் அத்தையின் தோளுக்குப் பின்னால் தன் தலையை மட்டும் சொருகிக் குழுவில் போட்டார். குழுவே சிரித்து உருண்டது. மனைவி மட்டும், "சட்டை நல்லாயிருக்கு" என்று எழுதினாள். தலை மட்டும் தெரிகிற படத்தில் சட்டை எங்கே தெரிந்தது என்று இவர் நாள் முழுக்க யோசித்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து ஒட்டினார், ஒரு விசேஷத்தையும் விடவில்லை. சின்னம்மா புது வீட்டுக்குக் குடிபோனபோது போனார். குழந்தைகளின் பிறந்தநாளுக்குப் போனார். பெரியப்பா மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் நின்றார். அந்தக் கல்யாணப் படத்தின் ஓரத்தில் யாருடைய காலோ செருப்போடு அந்தரத்தில் தெரிந்தது. அதைப் பார்த்த கையோடு அழித்துவிட்டார், தொழில் பழக்கம்.

மனைவி அந்தப் படங்களைப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாகக் கேள்வி. அவள் இவரிடம் சொன்னதெல்லாம் "கிடைச்சது" என்ற ஒரு வார்த்தைதான். அவள் அப்படித்தான். அதற்கப்புறம் வந்த படங்களிலும் அப்படித்தான் நிற்பாள். எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க, அவள் மட்டும் யாரோடும் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நிற்பாள். கல்யாணத்தில் பார்த்த பெண் இப்படி இல்லையே என்று அவருக்கு மனசுக்குள் ஒரு சங்கடம் உண்டு. ஆனால் இவர் புகுந்து நிற்பதற்கு அது வசதியாக இருந்ததால் அதிகம் யோசிக்கவில்லை.

விண்ணப்பத்துக்கு அந்தப் படங்கள் ஆகாது. ஆகவே சொந்தக் கல்யாணப் படம் ஒன்றுதான் கதி. அதன் அசலோ பழைய போனோடு போய்ச் சேர்ந்துவிட்டது. எடுத்த போட்டோக்காரர் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். சரி, அழகாக்கியதை அசிங்கமாக்கிவிட்டால் போகிறது என்று உட்கார்ந்தார். வெளிச்சத்தைக் கெடுத்தார். தூசி தூவினார். மனைவியின் கண்ணை மறுபடி மூடினார்.

மெக்கானிக் பார்த்தார். "இப்ப பொண்ணை மயக்க மருந்து கொடுத்துத் தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

படத்தால் ஆகாதென்று தெரிந்ததும் மச்சினனுக்குப் போன் போட்டார். சொந்தக்காரர்கள் சிலர் இந்தக் கல்யாணம் உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

"இவ்வளவுதானே மாமா, என்கிட்ட விட்டுடுங்க!" என்றான் மச்சினன்.

அவனிடம் விட்டதுதான் தப்பு. மறுவாரமே கூப்பிட்டான்.

"முடிஞ்சுது மாமா! வீட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு உங்க பாஸ்போர்ட் நம்பரைப் போட்டு நேரா அந்த ஆபீஸ் இமெயிலுக்கே அனுப்பிட்டேன்."

"நேராவா? என்னடா எழுதினே?"

"மாமா தங்கமான மனுஷன், கல்யாணம் ஆனதிலேர்ந்து எங்க வீட்டு விசேஷம் ஒண்ணு விடாம நேர்ல வந்து கலந்துக்கிட்டார்னு எழுதினேன். போட்டோவும் சேர்த்து அனுப்பியிருக்கேன். சுவத்துல மாட்டியிருக்கிற அத்தனையும்."

டச்சப்காரரின் பாஸ்போர்ட்டில் இருப்பது ஒரே ஒரு பயணத்தின் முத்திரை.

"டேய், நான் எதுக்குமே வரலையேடா!"

"அது எனக்குத் தெரியாதா மாமா? உங்களுக்காக ஒரு பொய் சொல்ல மாட்டேனா?" அவன் குரல் தழுதழுத்தது. "பெரியப்பா ஒருத்தர்தான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார்."

"அவர் ஏன்?"

"அவர் மக கல்யாணத்துல ஐஸ்கிரீம் மேஜை மேல விழுந்தாரே, அன்னிலேர்ந்து நம்ம வீட்டோட பேச்சு வார்த்தை இல்ல."

"விழுந்தது அவர். கோபம் நம்ம மேலயா?"

"அதெல்லாம் அக்காகிட்ட கேட்டுக்குங்க மாமா," என்று அவன் போனை வைத்துவிட்டான்.

இனி வக்கீலை வைப்பதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார். "இந்த மாதிரி தள்ளுபடி எனக்குக் கூட வந்ததில்லப்பா" என்றார் மரியாதையோடு.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. வாசல் அறையில் டைப் அடிக்கும் பெண்ணும் பிளாஸ்டிக் செடியும் இருந்தார்கள். உள்ளே வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு படங்களைச் சீட்டுக்கட்டுப் போலப் பிரித்து இரண்டு அடுக்காக வைத்தார்.

"இதெல்லாம் பரவாயில்ல. புது வீடு, பிறந்தநாள், யாரோ கல்யாணம். இயல்பா இருக்கு. இதுல உங்க கண்ணு பாதி மூடியிருக்கு, இதுல யாரோ ஒரு அம்மாவோட முழங்கை உங்க சட்டையை மறைக்குது. இப்படித்தான் இருக்கணும்." பிறகு டச்சப்காரரின் கல்யாணப் படத்தை ஒரு விரலால் தள்ளினார். "இதை மட்டும் கொண்டுபோயிடாதீங்க. அப்பட்டமான போலி."

டச்சப்காரருக்கு உச்சி குளிர்ந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில்.

"மேடம், அந்த முழங்கையை நான்தான் வச்சேன்."

"என்னது?"

"அந்தக் கண்ணையும் நான்தான் பாதி மூடினேன். ரொம்பத் தெளிவா இருந்தா ஒட்டின மாதிரி தெரியும்."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுல எதுல நீங்க நிஜமா இருந்தீங்க?" என்று கேட்டார்.

டச்சப்காரர் கல்யாணப் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

வக்கீலம்மா சிரிக்க ஆரம்பித்தார். எதிரே இருப்பவர் முகத்தில் ஈயாடவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மச்சினன் செய்த உதவியையும் கேட்டு முடித்தபோது அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"கஷ்டம்தான். ஆனா முடியாததில்ல. உள்ளதை உள்ளபடி சொல்லிடலாம். நீங்க ஒட்டின படம், ஒட்டாத அசல், ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு, இது தனியா இருந்த மனுஷன் விளையாட்டுக்குப் பண்ணினதுன்னு நானே எழுதறேன். உங்க மச்சினன்கிட்ட சொல்லி அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. உங்க மனைவி கைப்பட ஒரு பக்கம் எழுதணும். அவங்களுக்கு ஏன் இங்க வரணும்னு. அவங்களுக்கு வர ஆசைதானே?"

"இருக்கும் மேடம்."

"இருக்குமா? கேட்டதில்லையா?"

கேட்டதில்லை. வெயில் எப்படி, மழை உண்டா, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று தினமும் எதையாவது கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை. கேட்டு வேறு ஏதாவது பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மாப்பிள்ளை படத்திலேயே இருக்கட்டும், அதுவே போதும் என்று அவள் நினைத்திருந்தால்?

"மத்ததெல்லாம் நான் எழுதுவேன். அதை மட்டும் நான் எழுத முடியாது," என்றார் வக்கீலம்மா. "கேட்டுட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் என்னை வைக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க."

அன்று மாலையே போன் போட்டார். அங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கு இங்க வர இஷ்டமா?"

"என்னங்க? கேக்கல!"

"இங்க வர இஷ்டமான்னேன்!"

"சத்தமா சொல்லுங்க!"

"உனக்கு என்னோட இருக்க இஷ்டமா!" என்று அவர் அடித்தொண்டையிலிருந்து கத்தவும் மிக்ஸி நிற்கவும் சரியாக இருந்தது. அந்தப் பக்கம் வீடே கப்சிப் என்று ஆனது. மாமியார் இருமினார். அத்தை ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

மனைவி சொன்னாள்: "உங்க இஷ்டம்."

"ஆமா, பெரியப்பாவோட என்ன சண்டை?" என்று டச்சப்காரர் எதையோ கேட்டுவைத்தார்.

"அது ஒண்ணுமில்லங்க. அதை யாரு சொன்னா உங்ககிட்ட? வச்சுடட்டுமா?"

வைத்துவிட்டாள்.

"உங்க இஷ்டமா?" என்றார் மெக்கானிக். "சம்மதம்னாலும் அதைத்தான் சொல்லுவாங்க. சம்மதமில்லன்னாலும் அதைத்தான் சொல்லுவாங்க. என் வீட்டுக்காரி எந்தெந்த நேரத்துல அதைச் சொல்லியிருக்கான்னு யோசிச்சுப் பார்த்தா…" அவர் யோசித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் குறட்டை கூட விடவில்லை.

டச்சப்காரர் படங்களை எடுத்து வரிசையாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே நீலச் சட்டை போட்டுக்கொண்டு அந்த ஆள் நிற்கிறான். அவன் எல்லாக் கல்யாணத்துக்கும் போயிருக்கிறான். எல்லாக் குழந்தைகளையும் பார்த்திருக்கிறான். மனைவி பக்கத்திலேயே நிற்கிறான். அவனைப் பார்த்து அவருக்குப் பொறாமையாக இருந்தது. வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் மெக்கானிக் தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

அசல் படங்களையும் திறந்தார். அவற்றில் அவள் எப்போதும் போலத் தனியாக, ஒட்டாமல், சொந்தக்காரர்களிடமிருந்து ஒரு கையளவு விலகி நின்றுகொண்டிருந்தாள். பெற்றெடுத்த அம்மா பக்கத்தில் கூட நெருங்கி நிற்காதவள் இந்த அறைக்கு வந்து யாரோடு ஒட்டிக்கொள்ளப் போகிறாள்?

வக்கீலும் வேண்டாம், விண்ணப்பமும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஊருக்குப் போகலாம் என்றால் அதற்கும் மனசு வரவில்லை. அங்கேதான் ஏற்கெனவே சுவரில் இருக்கிறாரே. கடிதத்தை வாபஸ் வாங்கிவிடு, நான் விண்ணப்பம் போடவில்லை என்று மச்சினனுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மாடியேறிப் போனார். உள்ளே வேறு யாரோ இருந்தார்கள். டைப் அடிக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடத்தை வைக்கறீங்களா, வேண்டாமா சார்?"

"வேண்டாம்மா. என் படத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துடுங்க."

"அப்ப வேண்டாம்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ஃபைலை மூடிடறேன்."

பேனாவை வாங்கினார். அப்போது போன் அடித்தது. மச்சினன்.

"என்ன மாமா, மெசேஜ்ல என்னமோ எழுதியிருக்கீங்க? விண்ணப்பம் போடலையா? இங்க அக்கா சூட்கேஸெல்லாம் இறக்கித் தூசி தட்டி வச்சிருக்கா, நீங்க விளையாடறீங்களா?"

"நான் கத்திக் கேட்டுட்டேன்னு பரிதாபப்பட்டு இறக்கியிருப்பா, விடுடா."

"அந்தப் படங்களை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் நெருங்கி நில்லுங்கன்னு கத்தணும், அக்காவை மட்டும் ஒண்ணும் சொல்லக் கூடாது…"

"அதைத்தாண்டா நானும் சொல்றேன்." டச்சப்காரர் குரலை உயர்த்தினார். டைப் அடிக்கும் பெண் கேட்கிறாளே என்று கூடப் பார்க்கவில்லை. "எல்லாப் படத்துலயும் பாரு. யாரோடயும் ஒட்டாம தள்ளித் தள்ளி நிக்கிறா. அவளுக்கு யாரும் வேண்டாம். நானும்தான். கூட்டத்துலயே தனியா நிக்கிறவளை நான் எதுக்குடா இங்க கொண்டுவந்து தனியா வைக்கணும்?"

லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் பேனா மூடியைத் திறந்தார். டைப் அடிக்கும் பெண் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

"மாமா," என்றான் மச்சினன், "பெரியப்பா அன்னிக்கு ஐஸ்கிரீம் மேஜை மேல தானா விழல, பக்கத்துல காலியா இருக்கேன்னு வந்து நின்னவரை அக்காதான் பிடிச்சுத் தள்ளினா, 'நகருங்க, அது அவர் நிக்கிற இடம், ஞாயித்துக்கிழமை வந்து நின்னுக்குவார்'னு!"